ஊசி போடத் தெரிந்தால் போதுமா?

அன்புள்ள டாக்டர்,

சர்க்கரை நோய் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயதில், உடம்பில் இன்சுலின் சுரக்காத வகையான டைப் 1 வந்தது. இப்போது பதினேழரை. இதுவரை ஒரே குழந்தை மருத்துவரிடம்தான் காட்டி வருகிறோம். 18 முடிந்ததும் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போய்விடுங்கள் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 21 வரை இவரிடமே தொடர்கிறோம் என்று கேட்டுப் பார்க்கலாமா?

அவளுக்கு இரவில் நீண்ட நேர இன்சுலின் 22 யூனிட். சாப்பாட்டு இன்சுலின் நாலு வேளைக்கும் சேர்த்து 26. 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் கணக்கு. கடைசி மூன்று எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 7.4, 7.9, 8.6. ஒன்பது வருடக் கணக்கையும் கணினியில் நானே பதிந்து வைத்திருக்கிறேன். இன்சுலின் வாங்குவது, டாக்டரிடம் தேதி வாங்குவது எல்லாம் என் வேலை. ஊசியை அவளே போட்டுக்கொள்வாள், பத்து வயதிலிருந்தே. ஆனால் இப்போதெல்லாம் சுகர் எவ்வளவு என்று கேட்டாலே எரிந்து விழுகிறாள். விரைவில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். தோலில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரில் எதை வாங்கினால் நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்? புது மருத்துவரிடம் போகும்போது நானும் உள்ளே போக முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

18-ஆ 21-ஆ என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. இரண்டிலும் நன்றாகப் போனவர்கள் உண்டு, கோட்டை விட்டவர்களும் உண்டு. விடுதிக்குப் போகும் அதே மாதத்தில் மட்டும் மருத்துவரை மாற்றாதீர்கள். புது ஊர், புதுப் படிப்பு, புது டாக்டர் மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் கைவிடப்படுவது டாக்டராகத்தான் இருக்கும். சில மாதம் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த சென்சார் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கையில் எது கிடைக்கிறதோ, தொடர்ந்து வாங்க முடிகிறதோ, அது. அதன் அளவுகள் உங்கள் போனுக்கும் வர வேண்டுமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

கொஞ்ச காலமாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. 22, 26, 10-க்கு 1 என்று எல்லா எண்ணையும் சரளமாக எழுதியிருக்கிறீர்கள். இதே கடிதத்தை அவள் எழுதியிருக்க முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவளைக் குறை சொல்லி என்ன பயன்?

நோய் வந்த அந்த வாரத்தில் பயிற்சி யாருக்குக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எட்டு வயதுக் குழந்தை களைத்துப்போய்ப் படுத்திருக்கிறது. கீட்டோன் என்றால் என்ன, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, இன்சுலினை எப்படிப் பாதுகாப்பது என்றெல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்தது பெற்றோருக்கு. அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு அவளுக்கென்று யாரும் உட்கார்ந்து எடுத்ததில்லை. பத்து வயதில் ஊசியைக் கையில் வாங்கியதும் பிள்ளை தேறிவிட்டது என்று வீடும் மருத்துவமனையும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகின்றன. இந்த நோயில் இருப்பதிலேயே சுலபமான வேலை ஊசி குத்துவது. மற்றதையெல்லாம் ஒன்பது வருடமாக அவள் கண்ணில் படாமல் நீங்கள் செய்துவிட்டீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் விடுதியில் அந்த வேலைகளை யார் செய்வார்கள்?

இன்சுலின் வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் ஊசிப் பேனாவுக்குள் (பென்) போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கும். நாளுக்கு 26 யூனிட் சாப்பாட்டு இன்சுலின் என்றால் 30 நாளைக்கு 780. மூன்று கார்ட்ரிட்ஜில் 900 இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். சீட்டு எழுதுகிற டாக்டர்களே சிலசமயம் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் காற்றை வெளியேற்ற 2 யூனிட் வெளியே விட வேண்டும். நாலு ஊசிக்கு 8. ஆக ஒரு நாளைக்கு 34. 900 யூனிட் இருபத்தாறரை நாளில் காலி. நீண்ட நேர இன்சுலினுக்கு ஒரே ஊசி என்பதால் நாளுக்கு 24தான். அது முப்பத்தேழு நாள் வரும். ஒன்று தீர்ந்து மற்றது மிச்சமிருக்கும் அந்தக் கடைசி நாட்களில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் அந்த 2 யூனிட்டை விடாமல் மிச்சம் பிடிப்பார்கள். காற்று தங்கி, போட்ட அளவு உடம்புக்குள் முழுதாகப் போகாது. பிறகு 8 போட வேண்டிய இடத்தில் 5 போடுவார்கள். வீட்டுக்குப் போன் செய்தால் திட்டு விழும் என்று சொல்லவும் மாட்டார்கள்.

கடைசிக்கு முந்தைய கார்ட்ரிட்ஜைத் திறக்கும் நாளிலேயே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். ஊசிமுனை நாளுக்கு ஐந்து, மாதத்துக்கு 150. திறந்த கார்ட்ரிட்ஜைப் பெரும்பாலான வகைகளில் 28 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. திறக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். விடுதிக் குளிர்பெட்டியில் யாராவது அதை உறைபெட்டிக்குத் தள்ளி உறைந்துபோனால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்று தொடங்கி அவளையே இதையெல்லாம் வாங்கச் சொல்லுங்கள். ஒருமுறை தவறவிடுவாள். விடட்டும், வீட்டில் இருக்கும்போதே விடட்டும். அவளுக்குச் சொல்லாமல் ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாறுகிற காலத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. குழந்தை மருத்துவர் கடைசியாக ஒரு மாதத்துக்குச் சீட்டு எழுதுவார். புது மருத்துவரின் முதல் தேதி மூன்று மாதம் தள்ளிக் கிடைக்கும். நடுவில் இரண்டு மாதத்துக்கு யார் சீட்டுத் தருவது? புது இடத்துத் தேதி கையில் வந்த பிறகுதான் பழைய இடத்தின் கடைசிச் சந்திப்பு. அன்று வாங்கும் சீட்டு, புதுத் தேதியைத் தாண்டியும் ஒரு மாதம் ஓட வேண்டும்.

அடுத்தது உடம்பு சரியில்லாத நாள். இதைத்தான் நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். வாந்தி வருகிறது, சாப்பிடவில்லை, சாப்பிடாதவளுக்கு எதற்கு இன்சுலின் என்று நினைத்து நிறுத்திவிடுவாள். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும், உயிரைக் குடிப்பதும் அதுதான். காய்ச்சலில் சுரக்கும் ஹார்மோன்கள் சுகரை ஏற்றுகின்றன. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. இன்சுலினும் இல்லாதபோது உடம்பு கொழுப்பை உடைத்து, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்கிறது. ஆகவே நீண்ட நேர இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பார்க்க வேண்டும், இரவிலும். சுகர் 250-ஐத் தாண்டினாலோ வாந்தி இருந்தாலோ கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டி, சுகரும் ஏறியிருந்தால் கூடுதலாக எத்தனை யூனிட் போடுவது என்பதை அவளுடைய மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நாளின் மொத்த அளவில் பத்து சதவீதத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அவளுக்கு ஏறக்குறைய 5 யூனிட். கீட்டோன் 3-ஐத் தாண்டினாலோ, வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ உடனே மருத்துவமனை. சுகர் தாழ்ந்து கீட்டோன் மட்டும் ஏறியிருந்தால் முதலில் சர்க்கரை கலந்த பானம், பிறகு டாக்டருக்குப் போன். இத்தனையும் ஒரு அரைப் பக்கத்தில் அடங்கும். அந்த அரைப் பக்கத்தை அவள் தன் கையால் எழுதி, டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து, போனில் படமாக வைத்திருக்க வேண்டும். கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் அவள் பையில் இருக்கிறதா? காலாவதி தேதியைப் பார்த்தீர்களா?

அறைத்தோழிக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடியும் சுகர் பார்ப்பது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; சுகரை ஏற்றும் குளுக்ககான் மருந்து கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

புது மருத்துவருக்கு உங்கள் ஒன்பது வருடக் கோப்பு வேண்டாம். யாரும் படிக்கப் போவதில்லை, வருத்தப்படாதீர்கள். ஒரே ஒரு பக்கம். நோய் வந்த தேதி, இப்போதைய அளவுகள், கடைசி மூன்று எச்பிஏ1சி, கீட்டோன் ஏறியோ சுகர் தாழ்ந்தோ மருத்துவமனையில் சேர்ந்த விவரம், கண், சிறுநீர் அல்புமின், தைராய்டு கடைசியாகப் பார்த்த தேதிகள். இதனுடன் 14 நாள் சென்சார் பதிவு. பக்கத்தின் தலையில் டைப் 1 என்று பெரிதாக, எதை வைத்து உறுதி செய்தார்கள் என்பதோடு. பெரியவர்களைப் பார்க்கும் இடத்தில் பத்தில் ஒன்பது பேர் டைப் 2. வேறு ஏதோ காரணத்துக்கு அவளைச் சேர்க்கும்போது, சாப்பாடு இல்லாத நாளில் இன்சுலினையும் நிறுத்திவைக்கும் அபாயம் நிஜமானது. அளவும் இப்படியே இருக்காது. பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை எதிர்க்கும், தேவை கூடும். வளர்ச்சி நின்ற பிறகு அது இறங்கும். பதினைந்து வயதில் சரியாக இருந்த அளவு இருபதில் அடிக்கடி லோ சுகரில் தள்ளலாம்.

எரிந்து விழுகிறாள் என்கிறீர்கள். விழத்தான் செய்வாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தேர்வு முடிவைக் கேட்பதுபோல ஒன்பது வருடமாக அந்த எண்ணைக் கேட்டிருக்கிறீர்கள். எண் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. டைப் 1 உள்ளவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியான டிசிசிடி என்ற ஆய்வில், சுகரைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. 7.4-லிருந்து 8.6 என்றால் மூன்று மாதச் சராசரி 165-லிருந்து 200-க்குப் போயிருக்கிறது, கவனிக்க வேண்டியதுதான். ஆனால் கேட்டுக் கேட்டு உங்களுக்கு உண்மையான எண் கிடைக்காது. மீட்டரில் 120, 130 என்று அழகாக இருந்து எச்பிஏ1சி மட்டும் ஏறினால், அவளுக்கு எங்கோ பாரமாக இருக்கிறது என்று பொருள். சில பெண்கள் எடை குறைய வேண்டும் என்று இன்சுலினையே தவிர்ப்பதும் உண்டு. அதை டாக்டர் அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் இல்லை என்பாள்.

தனியாக என்றதும் நெற்றி சுருங்குகிறதா? பதிமூன்று வயதிலிருந்தே ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே இருந்திருக்க வேண்டும். மது, காதல், கருத்தடை, வண்டி ஓட்டுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் பேச்சில் வரும். மதுவைச் சமாளிக்கும் வேலையில் இருக்கும் கல்லீரல் சர்க்கரை தராது. அதனால் இரவு குடித்தால் மறுநாள் காலையிலும் சுகர் தாழலாம். அப்போது குளுக்ககானும் சரியாக வேலை செய்யாது. சுகர் 90-க்குக் கீழே இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. எச்பிஏ1சி உயர்ந்திருக்கும்போது கருத்தரிப்பது குழந்தைக்கு ஆபத்து. இதையெல்லாம் அவள் அறிந்திருக்க வேண்டும், உங்கள் முன்னால் அல்ல.

கனடாவில் 17 முதல் 20 வயதினரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மாறுகிற காலத்தில் 18 மாதம் ஓர் ஒருங்கிணைப்பாளர் தொடர்பில் இருந்தார். அதுவரை சந்திப்புக்கு ஒழுங்காக வந்தார்கள். அவர் விலகியதும் ஒரு வருடத்தில் அந்தப் பலன் கரைந்துவிட்டது. ஆகவே முதல் தேதிக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே போக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவள் கூப்பிட்டால் கடைசி ஐந்து நிமிடம் போங்கள். டாக்டர் அவளிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அடுத்த தேதியை வாங்காமல் அவள் அங்கிருந்து கிளம்பக் கூடாது. ஒரு தேதி தவறினால் திட்ட வேண்டாம், அன்றே வேறு தேதி வாங்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டவர்கள் திரும்பி வரக் கூச்சப்பட்டே வராமல் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தேதிக்காக நீங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்யாதீர்கள்.