பேத்தாலஜி படிச்சிட்டு கருப்பை, சினைப்பை புற்றுநோய் ஆராய்ச்சியிலேயே காலம் ஓட்ட முடியுமா?

"நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்ப பார்த்து ரிப்போர்ட் போடுற ஆளுக்கு ஆராய்ச்சின்னு தனியா என்ன இருக்கு, அதெல்லாம் மருந்து குடுக்கறவங்களும் ஜீன் பார்க்கறவங்களும் பண்றதுதானே"ன்னு கேட்டிருக்கீங்க. நான் இதே துறையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல் வருஷ டிரெயினிங்ல கிராசிங் டேபிள்ல, அதாவது ஆபரேஷன்ல எடுத்த உறுப்ப வெட்டிப் பார்க்கற மேசைல நிக்க விடுவாங்க. ஃபார்மலின்ல ஊறின கருப்பை, ரெண்டு பக்கமும் டியூப் (கருக்குழாய்), சினைப்பை எல்லாம் மொத்தமா ஒரு டப்பால வரும், கண்ணு எரியும், கைல கிளவுஸ் போட்டும் அந்த வாசனை ராத்திரி வரைக்கும் போகாது. அளவெடுக்கணும், வெட்டணும், எந்த இடத்துல இருந்து துண்டு எடுக்கறோம்னு எழுதணும். சீனியர் சொல்லிக் குடுத்தது, "கட்டி இருக்கற இடத்துல நிறைய எடு, டியூப்ல நடுவுல ஒரு வளையம் போதும்." நானும் வளையமா ஒண்ணு வெட்டி கேசட்ல போட்டுட்டு மிச்சத்த திரும்ப டப்பாலயே போட்டுடுவேன். ரிப்போர்ட் போயி சில வாரம் ஆனா அந்த டப்பாவ காலி பண்ணிடுவாங்க. வெட்டின துண்ட மெழுகுல பதிச்சு வெச்ச பிளாக் மட்டும்தான் வருஷக்கணக்கா இருக்கும். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சினைப்பை புற்றுநோய்ல அதிகம் பேர பலி வாங்கறது ஹைகிரேடு சீரஸ்னு ஒரு வகை. ரொம்ப காலமா இது சினைப்பையோட மேல்தோல்ல இருந்து வருதுன்னுதான் எல்லாரும் எழுதினாங்க, படிச்சாங்க, பரிட்சையில மார்க் வாங்கினாங்க, நான் உட்பட. ஆனா சினைப்பைல இதுக்கு முந்தின கட்டத்த தேடினா ஒண்ணும் கிடைக்காது. கருப்பை வாய்ல புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடி படிப்படியா மாற்றம் தெரியும், அங்க இருந்து செல்ல சுரண்டி எடுத்துப் பார்க்கற பேப் ஸ்மியர் டெஸ்டே அத நம்பித்தான் இருக்கு. சினைப்பைல அந்தப் படியே இல்ல, நேரா மாடிதான். யாருக்கும் இது உறுத்தலையான்னா உறுத்துச்சு, ஆனா தேடினது தப்பான இடத்துல.

1994, 95ல, கெட்டுப் போனா மார்பக, சினைப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு ரொம்ப கூடற பிஆர்சிஏ ஜீன் ரெண்டும் கண்டுபிடிச்ச அப்புறம், அந்தக் கோளாறு இருக்கற பெண்களுக்கு நோய் வர்றதுக்கு முன்னாடியே டியூபையும் சினைப்பையையும் எடுக்க ஆரம்பிச்சாங்க. அப்படி எடுத்த டியூப்கள நெதர்லாந்துல ஒரு குழு பொறுமையா பார்த்து, மேல்படலத்துல கெட்ட மாற்றம் இருக்குன்னு 2001ல எழுதினாங்க. அப்புறம் போஸ்டன்ல கிறிஸ்டோஃபர் கிரம் குழு, டியூபோட நுனில விரல் விரலா பிரிஞ்சிருக்குமே ஃபிம்பிரியா, அத தனியா வெட்டி நீளவாக்குல சீவி, மிச்சத்த 2, 3 மில்லிமீட்டர் வளையமா நறுக்கி, எல்லாத்தையும் பிளாக்ல போட்டுப் பாருங்கன்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க. மெஷின் இல்ல, ஜீன் டெஸ்ட் இல்ல, கத்திய பிடிச்ச திசைய மாத்தினாங்க, அவ்ளோதான். அந்த நுனிலதான் சீரஸ் புற்றுநோயோட ஆரம்பக் கட்டம் உக்காந்திருந்துச்சு. ஸ்டிக்னு சொல்வோம், சில சமயம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது.

இதப் படிச்சிட்டு நான் பண்ணின முதல் வேலை, அப்ப நான் இருந்த லேப்போட பழைய சீரஸ் கேஸ் பிளாக்குகள தூசி தட்டி எடுத்தது. மொத்தம் மூணு மாசம், சாயங்காலம் சைன் அவுட், அதாவது அன்னிக்கு ரிப்போர்ட்ல எல்லாம் கையெழுத்துப் போடறது முடிஞ்ச அப்புறம். பிளாக் பிளாக்கா பார்க்கறேன், ஃபிம்பிரியாவே இல்ல. கிராசிங் குறிப்ப எடுத்தா "டியூப் இயல்பு, ஒரு செக்‌ஷன்", கீழ கையெழுத்து யாருதுன்னு பார்த்தா என்னோடது! டப்பா எப்பவோ காலியாகி போச்சு. விடை என் கைல இருந்துச்சு, நானே திரும்ப பக்கெட்ல போட்டிருக்கேன். அந்த ஆய்வு அதோட படுத்துடுச்சு, பேப்பர் எதுவும் வரல. ஆனா இந்தத் துறைய விட்டுப் போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினது அந்த மூணு மாசத்துலதான், ஏன்னு கேட்டா சரியா சொல்லத் தெரியல, கோவம்தான்னு நினைக்கிறேன்.

உங்க கேள்விக்கு என் பதில் இதுதாங்க. பேத்தாலஜிஸ்ட்டோட ஆராய்ச்சி எல்லாரும் பார்த்து முடிச்சுட்டோம்னு நினைச்ச துண்டுல இருந்து ஆரம்பிக்குது. 1951ல ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கற அமெரிக்க நோயாளியோட உடம்புல இருந்து எடுத்து உலகம் பூரா வளர்த்த ஹீலா செல் இருக்கே, அந்தக் கருப்பை வாய் கட்டி என்ன வகைங்கறதே முதல்ல தப்பா எழுதப்பட்டு, ஏறக்குறைய 20 வருஷம் கழிச்சு பழைய ஸ்லைட திரும்பப் பார்த்துதான் அடினோகார்சினோமான்னு (சுரப்பி செல்ல இருந்து வர்ற வகை) மாத்தினாங்க. அத்தனை லேப்ல அந்த செல்ல வெச்சு வேலை நடந்துட்டு இருந்த காலத்துல!

ஜீன் பார்க்கறவங்க பண்றதுதானேன்னு கேட்டீங்கல்ல, அதுக்கும் வரேன். கருப்பை உள்வரிச் சவ்வுப் புற்றுநோய 2013ல அமெரிக்காவோட கேன்சர் ஜீனோம் அட்லஸ் திட்டம் நாலு குழுவா பிரிச்சாங்க. அதுல ஒண்ணுல போல்-ஈங்கற ஜீன் கெட்டுப் போயிருக்கும், வேகமா சொன்னா "போலி"ன்னு கேக்கும், தமிழ்ல அர்த்தம் வேற மாதிரி இருந்தாலும் விஷயம் கச்சிதமா பொருந்துது பாருங்க. ஸ்லைடுல பார்த்தா அசிங்கமான கிரேடு 3, நியூக்ளியஸ் ஒவ்வொண்ணும் ஒரு சைஸ், யாரா இருந்தாலும் பயந்துடுவாங்க, ஆனா அந்த நோயாளிகள் பெரும்பாலும் நல்லா பிழைச்சுக்கறாங்க. 2023ல ஃபிகோங்கற உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்போட ஸ்டேஜிங்லயே, அதாவது நோய் எந்தக் கட்டம்னு பிரிக்கற முறையிலயே இத சேர்த்துட்டாங்க. ஆனா ஜீன் மெஷின்ல என்ன போடறதுன்னு யார் முடிவு பண்றது? பிளாக்ல கட்டி எங்க இருக்கு, சும்மா தசை எங்க இருக்குன்னு மார்க்கர் பேனாவால வட்டம் போட்டுக் குடுக்கறது நாங்கதான். வட்டம் தப்பான இடத்துல விழுந்தா மெஷின் தசையோட டிஎன்ஏவ படிச்சுட்டு மியூட்டேஷன் இல்லைன்னு சொல்லும். ஃபார்மலின்ல ரொம்ப நாள் கிடந்த துண்டுல டிஎன்ஏ துணுக்கு துணுக்கா ஒடஞ்சிருக்கும், அதுவும் எங்க டேபிள்ல ஆரம்பிச்ச பிரச்சனைதான்.

நான் பண்ணின இன்னொரு தப்பையும் சொல்லிடறேன். பி53ங்கற, கட்டி வராம தடுக்கற புரோட்டீன கலர்ல காட்டற ஸ்டெயின்ல நியூக்ளியஸ் எல்லாம் அடர் பிரவுனா இருந்தா கெட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும். கட்டில ஒரு செல் கூட கலர் பிடிக்காம மொத்தமா வெளுத்துப் போனாலும் கெட்டதுதான், ஜீன் அடியோட உடைஞ்சு புரோட்டீனே உருவாகல. புதுசுல நான் அத "நெகட்டிவ்"னு எழுதிட்டேன், படிக்கற டாக்டர் நல்லதுன்னுதான் எடுத்துக்குவார். மறுநாள் காலைல சீனியர் கூப்பிட்டு ஸ்லைடுல பக்கத்துல இருக்கற சாதாரண செல்லக் காட்டினார், அங்க லேசா கலர் இருக்கு, கட்டில மட்டும் இல்ல. ரிப்போர்ட்ட திருத்தினோம். ஹைகிரேடு சீரஸ்ல 96 சதவீதத்துக்கு இந்த ஜீன் மாறியிருக்குன்னு 2011ல அட்லஸ் காட்டுச்சு, அதனால இந்த ஒரு ஸ்டெயின ஒழுங்கா படிக்கறதே பாதி வேலை.

கஷ்டம் என்னன்னா நேரம். ரிப்போர்ட் வேலை ஒரு நாளும் குறையாது, ஆராய்ச்சிக்குன்னு யாரும் ஒதுக்கித் தர மாட்டாங்க, எத்திக்ஸ் கமிட்டி கடிதம் ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் பேர். எல்லா ஸ்லைடையும் ரெண்டு தடவ பார்த்தது நீங்களா இருப்பீங்க, பேப்பர் வரும்போது அஞ்சாவது பேரா போட்டிருப்பாங்க, சில சமயம் நன்றி பகுதில. இத முதல் மீட்டிங்லயே பேசிடுங்க, சங்கடமா இருந்தாலும் பரவால்ல. ஜீன், புள்ளியியல் ரெண்டும் ஓரளவாவது கத்துக்கோங்க, இல்லைன்னா கடைசி வரைக்கும் வட்டம் போட்டுக் குடுக்கற ஆளாதான் வெச்சிருப்பாங்க.

பலன் இருக்கான்னா இருக்கு. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால 2010லயே, கருப்பை எடுக்கற ஆபரேஷன்லயும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்லயும் டியூப முழுசா எடுத்துடுங்க, சினைப்பைய விட்டுடலாம்னு டாக்டர்கள் கிட்ட சொல்ல ஆரம்பிச்சாங்க. கத்திய பிடிச்ச திசைல ஆரம்பிச்ச கதை அது.

இப்ப என் டேபிள்ல ஒரு டியூப் ஸ்லைடு கிடக்கு. மூணு பேர் பார்த்தோம், ரெண்டு பேர் ஸ்டிக்குங்கறாங்க, ஒருத்தர் ஒத்துக்க மாட்டேங்கறார், அந்த ஒருத்தர் நான்தான். இன்னும் ஆழமா சீவி பி53யும், செல் எவ்ளோ வேகமா பெருகுதுன்னு காட்டற கேஐ67 ஸ்டெயினும் போட சொல்லியிருக்கேன், நாளைக்கு மத்தியானம் வரும்.