கட்டம் போட்டு வரைந்தால் குற்றமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஓவியம் பற்றி உங்கள் தளத்தில் வருகிறவற்றை விடாமல் வாசிக்கிறேன். போன வாரம் என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். வெர்மீர் என்ற டச்சு ஓவியர் ஓர் இருட்டறையில் லென்ஸ் வழியாக விழுந்த பிம்பத்தை அப்படியே பார்த்து வரைந்துவிட்டாராம், பழைய மேதைகளில் பாதிப் பேர் அப்படித்தானாம். “அப்போ எல்லாமே டிரேஸ்தானாப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. எட்டாம் வகுப்பில் காலண்டர் முருகன் படத்தின் மேல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, சார்ட்டில் பெரிதாக வரைந்து கொண்டுபோனேன். சரியாக அழிக்காத கட்டத்தின் தடம் ஓவிய ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது. வகுப்பின் முன்னால் வைத்து இரண்டாகக் கிழித்தார். “காப்பி அடிக்கிறவனுக்கு எதுக்குடா கலர் பென்சில்?” என்றார். அத்தோடு நான் வரைவதை விட்டேன். இப்போது மகள் செல்போன் திரையின் மேல் பட்டர் பேப்பர் வைத்து வரைகிறாள். தடுப்பதா, விடுவதா?

செ.

அன்புள்ள செ.,

முதலில் அந்தச் சார்ட். நீங்கள் எட்டாம் வகுப்பில் செய்ததை 1435-லேயே லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி என்ற இத்தாலியர் ஓவியர்களுக்குப் பாடமாக எழுதி வைத்திருக்கிறார். இழை இழையாகத் தெரியும்படி நெய்த மெல்லிய துணி, அதில் தடித்த நூலால் கட்டங்கள். அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வரையப்போகும் ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். மூக்கு எந்தக் கட்டத்தில், காது எந்தக் கட்டத்தில் என்று பார்த்துக்கொண்டு, அதே கட்டங்கள் போட்ட தாளில் இறக்கிவிட வேண்டும். நம் ஊரில் சினிமா பேனர் வரைந்தவர்கள் ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, ஒரு சாண் முகத்தை ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுபோனதும் இதே கணக்குதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இப்படிக் கருவிக்குப் பழகுவது ஓவியனுக்கு நல்லதில்லை என்று சொல்கிறவர்களுக்குத் தான் காது கொடுப்பதில்லை என்று ஆல்பெர்ட்டி அங்கேயே எழுதுகிறார். ஆக, சார்ட்டைக் கிழிக்கிற ஆசிரியர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

அவருக்குத் தொண்ணூறு வருடம் கழித்து ஜெர்மனியில் ட்யூரர் என்ற ஓவியர். 1525-ல் அளவைக் கலை பற்றி அவர் போட்ட புத்தகத்தில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. இணையத்தில் கிடைக்கும், மகளோடு உட்கார்ந்து பாருங்கள். மேஜை மேல் லூட் என்ற நரம்பு வாத்தியம் கிடக்கிறது. சுவரில் ஒரு பெரிய ஊசியை அடித்து, அதன் காதில் நூல் கோத்திருக்கிறது. நூலின் ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் குச்சி. ஒருவர் குச்சியால் வாத்தியத்தின் விளிம்பைத் தொடுகிறார். நூல் நடுவில் நிற்கும் மரச்சட்டத்தைக் கடந்து விறைப்பாகப் போகிறது. எந்த இடத்தில் கடக்கிறதோ அதை இன்னொருவர் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரண்டு நூல்களால் பிடித்து வைத்துக்கொள்கிறார். பிறகு குச்சி நூலை விலக்கிவிட்டு, சட்டத்தில் கதவு மாதிரிக் கீல் வைத்து மாட்டிய தாளைச் சாத்தினால், இரண்டு நூலும் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கலாம். கதவைத் திற, அடுத்த இடத்தைத் தொடு, நூலை நகர்த்து, கதவைச் சாத்து, புள்ளி வை. ஒரு வாத்தியம் வரைந்து முடிக்க ஒரு பகல் போய்விடும்.

இந்தப் படத்தில் வரைவதற்காக யாருமே பார்க்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேர் செய்தால்கூட பர்ஸ்பெக்டிவ், அதாவது தள்ளிப் போகப் போகப் பொருள் சிறிதாகத் தெரியும் கணக்கு, பிசகாமல் வரும். பர்ஸ்பெக்டிவ் என்பது அந்த அளவுக்கு வெறும் கணக்கு என்று காட்டத்தான் அதை அவர் போட்டார் என்பது என் எண்ணம். ட்யூரர் வரைந்த புகழ்பெற்ற முயலையோ புல்கற்றையையோ இந்தக் கருவியால் வரைய முடியாது. முயல் அத்தனை நேரம் உட்காராது என்பது ஒரு காரணம்.

இனி உங்கள் மகள் கேட்ட இருட்டறை. ஓட்டு வீட்டில் மத்தியானம் படுத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கதவைச் சாத்தி வைத்தால் சின்ன ஓட்டை வழியாகத் தெருவில் சைக்கிளில் போகிறவர் எதிர்ச் சுவரில் தலைகீழாகப் போவார். லத்தீனில் கேமரா என்றால் அறை, அப்ஸ்க்யூரா என்றால் இருட்டு. கேமரா அப்ஸ்க்யூரா என்று அதை அழைத்தவர் வானியலாளர் கெப்ளர், 1604-ல். நம் செல்போனில் இருப்பதற்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஓட்டையில் லென்ஸ் வைத்தால் பிம்பம் தெளிவாகும் என்பது 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஜம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா என்ற நேப்பிள்ஸ்காரர், வரையத் தெரியாதவர்கள்கூட பிம்பத்தின் மேல் கோடு இழுத்துக்கொள்ளலாம், வண்ணம் வைப்பது மட்டும்தான் பாக்கி என்கிற ரீதியில் எழுதினார். மட்டும்தான் பாக்கியாம்!

கெப்ளர் சும்மா பெயர் மட்டும் வைக்கவில்லை. 1620-ல் ஹென்றி வாட்டன் என்ற ஆங்கிலேயத் தூதர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அவரைப் பார்க்கப் போனார். அங்கே ஓர் அழகான நிலக்காட்சிப் படத்தைக் கண்டு, யார் வரைந்தது என்று கேட்டார். நான்தான் என்று சொன்ன கெப்ளர் சிரித்துக்கொண்டே, ஓவியனாக வரையவில்லை, கணக்கு வாத்தியாராக வரைந்தேன் என்றாராம். வயலில் சின்னக் கறுப்புக் கூடாரம் அடித்து, அதில் லென்ஸ் வைத்த குழாயைச் செருகி, உள்ளே தாளில் விழுந்ததைக் கோடு இழுத்திருக்கிறார். ஒரு பக்கம் முடிந்ததும் கூடாரத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். இதையெல்லாம் வாட்டன் தத்துவவாதி ஃபிரான்சிஸ் பேக்கனுக்குக் கடிதமாக எழுதினார். நில வரைபடம் போட இது நன்றாக உதவும், ஆனால் இதை வைத்து நிலக்காட்சி வரைவது கௌரவமான காரியமில்லை என்று அதில் ஒரு குத்தல். அடுத்த மூச்சிலேயே, எந்த ஓவியனாலும் இத்தனை துல்லியமாக வரைய முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

நானும் ஒரு பெட்டி செய்து பார்த்தேன். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடி, உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, மேலே ஜன்னல் கண்ணாடித் துண்டு. அதன் மேல் பட்டர் பேப்பர். மொட்டை மாடியில் வைத்து எதிர்வீட்டு முருங்கை மரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பிடித்தேன். தாளில் விழுந்த பிம்பம் நிஜத்தைவிட அழகாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வெளிச்சம் போதவில்லை. தலைக்கு மேல் கறுப்புப் போர்வை போட்டுக்கொண்டால்தான் தெரிகிறது. போர்வைக்குள் போனால் வியர்வை தாளில் சொட்டுகிறது. அந்த இருட்டில் பென்சில் கோடு தெரியவில்லை, கோடு தெரியட்டும் என்று போர்வையைத் தூக்கினால் பிம்பம் போய்விடுகிறது. தொட்டிக்குத் தெளிவு வைத்தால் மரம் கலங்குகிறது. காற்றடித்தால் முருங்கை இலை எதையும் தொட முடியவில்லை. போதாக்குறைக்கு எல்லாம் இடம் வலமாகத் திரும்பி விழுகிறது.

ஒரு மணி நேரம் கழித்துத் தாளை வெளியே எடுத்துப் பார்த்தேன். தொட்டி தன் இடத்தில் இருந்தது. கரண்ட் கம்பி சரியான வளைவில் தொங்கியது. கிளைகளின் சாய்வுகூடச் சரி. ஆனால் அது முருங்கை மரமாக இல்லை. எந்தக் கோட்டை அழுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று பெட்டி எனக்குச் சொல்லவில்லை.

இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வெர்மீரிடம் போனால் விஷயம் வேறு மாதிரித் தெரிகிறது. அவர் லென்ஸ் வழியாகப் பார்த்தார் என்பதற்கு வலுவான வாதம் உண்டு. லண்டனில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ஃபிலிப் ஸ்டெட்மன் வெர்மீரின் அறைகளைக் கணக்குப் போட்டு மறுபடி கட்டிப் பார்த்தார். ஆறு ஓவியங்களில், லென்ஸ் இருந்திருக்க வேண்டிய புள்ளி வழியாகக் காட்சியை அதற்குப் பின்னால் இருக்கும் சுவர் வரை நீட்டினால், அங்கே விழும் செவ்வகம் அந்தந்த ஓவியத்தின் அளவுக்கே ஏறக்குறைய வருகிறது. தற்செயலாக ஆறு தடவை அப்படி நடக்காது என்று 2001-ல் வெளியிட்டார்.

மறுபக்கமும் உண்டு. வெர்மீர் 1675-ல் கடனோடு இறந்தார். இரண்டு மாதம் கழித்து எடுத்த வீட்டுச் சாமான் பட்டியலில் ஓவியத்தை நிறுத்தி வைக்கும் தாங்கி இருக்கிறது, வண்ணத் தட்டு இருக்கிறது, லென்ஸ் பெட்டி இல்லை. அதோடு, பத்துக்கும் மேற்பட்ட அவரது ஓவியங்களில் கோடுகள் போய்க் கூடும் இடத்தில் குண்டூசி குத்திய துளை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊசி குத்தி, சுண்ணாம்பு தடவிய நூலைக் கட்டி, இழுத்துச் சுண்டினால் கோடு விழும். நம் கொத்தனாரும் தச்சரும் நூல் அடிக்கிற அதே வேலை. பிம்பத்தை அப்படியே எடுக்கிறவருக்கு நூல் எதற்கு? என் கணக்கு, அவர் லென்ஸில் பார்த்தார், அதில் கற்றார், பிறகு தன் இஷ்டத்துக்குச் செய்தார் என்பது.

அவரது பால் ஊற்றும் பெண் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. மேஜை மேலிருக்கும் ரொட்டியில் வெள்ளை வெள்ளையாக ஒளிப் புள்ளிகள். குவியம் தப்பிய லென்ஸில் ஒளி இப்படி வட்டமாகச் சிதறும், உண்மை. ஆனால் அது பளபளக்கும் பித்தளையிலோ ஈரத்திலோ நடக்கும், காய்ந்த ரொட்டியில் நடக்காது. எங்கோ பார்த்ததைக் கொண்டுவந்து ரொட்டி மேல் தூவியிருக்கிறார். 2022-ல் அந்த ஓவியத்தை ஸ்கேன் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் ஜாடிகள் தொங்கும் ஒரு பலகையும், கீழே ஒரு நெருப்புக் கூடையும் முதலில் இருந்திருக்கின்றன. இரண்டையும் அவரே பூசி மறைத்துவிட்டார். இப்போது தலைக்குப் பின்னால் வெறும் சுவர். ஆனால் சுவரில் இருக்கிற ஒரு ஆணியை விடவில்லை, ஆணிக்கு நிழலும் போட்டிருக்கிறார். ஜாடிப் பலகையை எடுத்துவிட்டு ஆணியை வைத்துக்கொள்ளலாம் என்று எந்த லென்ஸ் சொல்லும்?

பழைய மேதைகளில் பாதிப் பேர் என்ற பேச்சு ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னியிடமிருந்து வருவது. 1999-ல் லண்டனில் ஆங்ர் என்ற பிரெஞ்சு ஓவியரின் கண்காட்சியைப் பார்த்த அவர், அந்தச் சின்னச் சின்னப் பென்சில் முகங்களின் கோடுகள் இத்தனை தயக்கமில்லாமல் எப்படி வந்தன என்று யோசிக்க ஆரம்பித்தார். கருவி உதவியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பிறகு சார்லஸ் ஃபால்கோ என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1430 வரை பின்னால் போய்விட்டார். வான் ஐக் என்ற ஓவியர் 1434-ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியரின் தலைக்கு மேல் தொங்கும் பித்தளைச் சரவிளக்கு, அவர் வாதத்துக்குப் பெரிய சாட்சி. அந்த விளக்கின் கைகளைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது அவை சரியான பர்ஸ்பெக்டிவில் இல்லை என்று தெரிந்தது. பிம்பத்தைப் பார்த்து இழுத்திருந்தால் பொருந்தியிருக்கும். எனவே வான் ஐக் விஷயத்தில் ஹாக்னியை நான் நம்பவில்லை. ஆனால் இந்தக் கை எப்படி வேலை செய்தது என்று ஓர் ஓவியர் கேட்பது, வியந்து கைதட்டிவிட்டுப் போவதைவிட மேல்.

அப்புறம் 18-ஆம் நூற்றாண்டு. இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, பெட்டி கடைச்சரக்காகிவிட்டது. ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வைத்திருந்தது மடித்தால் பெரிய புத்தகம் போல ஆகிவிடும், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கம் வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இதைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தார்கள். 1792-93-ல் அவர்கள் தெற்கே வந்து வரைந்த திருச்சி மலைக்கோட்டையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டடத்தின் அளவு பிசகாமல் நிற்கும். வெளிச்சமும் வானமும் அவர்கள் கையிலிருந்து வந்தவை.

கருவி இருந்தால் போதும் என்கிறவர்களிடம் நான் இரண்டு பேரைக் காட்டுவேன். ஒருவர் லேவன்ஹூக், வெர்மீரின் அதே டெல்ஃப்ட் ஊர், அதே 1632-ல் பிறந்தவர். வெர்மீர் இறந்த பிறகு அவர் சொத்துக் கணக்கைப் பார்க்க நியமிக்கப்பட்டவரும் இவர்தான். அன்று உலகத்திலேயே மிகச் சிறந்த லென்ஸ்களைத் தன் கையால் செய்தவர், கண்ணுக்குத் தெரியாத உயிர்களை முதலில் கண்டவர். தனக்கு வரைய வராது என்று சொல்லி, கண்டதை வரைய ஓவியர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்.

இன்னொருவர் ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1806-ல் வாலஸ்டன் என்ற வேதியியலாளர் கேமரா லூசிடா என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். தாளுக்கு மேலே ஒரு சின்னப் பட்டகம், அதன் ஓரத்தில் கண்ணை வைத்தால் எதிரே இருக்கும் மலை தாளின் மேல் விழுந்தது போலத் தோன்றும், பென்சிலும் தெரியும். இருட்டு வேண்டாம், போர்வை வேண்டாம். இதே கருவியை வைத்து வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அற்புதமாக வரைந்தார். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் டால்பட்டும் உட்கார்ந்து முயன்றார். பட்டகத்திலிருந்து கண்ணை எடுத்ததும் தாளில் இருந்தது பார்க்கச் சகிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த எரிச்சலில்தான், பிம்பம் தானாகவே தாளில் பதிந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு வருடத்தில் தன் வீட்டு ஜன்னலைத் தபால்தலை அளவில் நெகட்டிவாகப் பதித்துவிட்டார். வரைய வராத ஒருவரின் கோபத்துக்கும் புகைப்படத்தில் பங்கு உண்டு.

சரி, உங்கள் மகள். தாராளமாக விடுங்கள். ஒன்றே ஒன்று செய்யச் சொல்லுங்கள். பட்டர் பேப்பரில் எடுத்து முடித்ததும் செல்போனை அணைத்துவிட்டு, அந்தக் கோடுகளைப் பக்கத்தில் வைத்து இன்னொரு தாளில் கையாலேயே ஒருமுறை வரையட்டும். முதல் தடவை கோணலாக வரும். திருத்தாதீர்கள். பெட்டி செய்ய ஆசைப்பட்டால் சாதாரணப் படிக்கும் பூதக்கண்ணாடி போதும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிடித்து, வெளியே தெரியும் மரம் தெளிவாக விழும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள், லென்ஸிலிருந்து கண்ணாடி வழியாகத் தாள் வரைக்கும் அந்த நீளம் வர வேண்டும். காலை ஒன்பது மணி வெயில் நல்லது. கறுப்புப் போர்வைக்குள் அவளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் ஒரு கலர் பென்சிலோடு போய் உட்காருங்கள்.