வீட்டில் கட்டிய விமானம் – கடிதம்

வணக்கம். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் விமானம் கட்டிப் பறக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அரசு ஆய்வாளர் சில மணிநேரம் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார் என்றால், அது பாதுகாப்பானது என்று முடிவுசெய்வது அவர்தானா? அது விழுந்தால் யார் பொறுப்பு?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் அல்ல. அமெரிக்க விமானத்துறையான எஃப்.ஏ.ஏ.வின் ஆய்வாளரோ அது நியமித்த பிரதிநிதியோ வரும்போது வேலை முடிந்திருக்கும். மூடிய தகட்டுக்குள் இருக்கும் ரிவெட்டையும் இறக்கைக்குள் காய்ந்த பசையையும் அவர் பார்க்க வழியில்லை. விமானத்தின் பெரும்பகுதியைத் தொழில்முறையாளர் அல்லாதவர் கட்டியிருக்கிறாரா என்று குறிப்பேட்டையும் படங்களையும் வைத்துச் சரிபார்ப்பார். பதிவெண், பயணிகளுக்கான எச்சரிக்கைப் பலகை, திறந்து காட்டிய பாகங்களின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். பிறகு நிபந்தனைகளோடு 'சோதனை விமானம்' என்று சான்றளிப்பார். (பிரிட்டனில் வேறு முறை. அங்கே கட்டும்போதே கட்டம் கட்டமாக ஆய்வாளர் கையெழுத்திட வேண்டும்.)

அந்த நிபந்தனைகளில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் பொதுவாக 25 மணிநேரம், இல்லையென்றால் 40 மணிநேரம், குறிப்பிட்ட எல்லைக்குள் பயணி இல்லாமல் பறந்து சோதிக்க வேண்டும். முடிந்ததும் விமானத்தின் குறிப்பேட்டில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: வழக்கமான எல்லா வேகங்களிலும் விமானம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆபத்தான இயல்போ வடிவமைப்போ இதில் இல்லை, இயக்குவதற்குப் பாதுகாப்பானது. இதை எழுதிக் கையெழுத்திடுபவர் சோதித்துப் பறந்தவர்தான்.

அந்தக் கையெழுத்துக்குத் தகுதி தரையிலேயே தொடங்குகிறது. எரிபொருள் ஓட்டச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலேறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, கேனில் பிடித்து நேரம் பார்க்க வேண்டும். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் அமைப்பில், புறப்படும்போது இன்ஜின் குடிப்பதைப்போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு. மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்குப் பம்ப் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். பலர் செய்யும் தவறு, தொட்டியை நிரப்பி, விமானத்தைச் சமமாக நிறுத்தி அளப்பது. மூக்கு உயர்ந்தால் பல விமானங்களில் தொட்டிக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயர வித்தியாசம் குறையும். எரிபொருள் குறைவாக இருக்கும்போது இன்னும் குறையும். தொட்டியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் முதல் நிமிடம் நன்றாக வந்து, பிறகு மெலியும். ஆகவே ஒரு நிமிடத்தோடு நிறுத்தக் கூடாது.

அடுத்தது கட்டுப்பாடுகள். கைப்பிடியை வலப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் எய்லரான், அதாவது பின்விளிம்பில் அசையும் தகடு, மேலே எழ வேண்டும். இதைக் கட்டியவர் அல்லாத இன்னொருவர் பார்க்க வேண்டும். நூறு முறை பார்த்த கண்ணுக்குத் தலைகீழாக மாட்டியது தெரியாது.

விமானம் கைமாறும்போதுதான் சிக்கல் கூடுகிறது. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர், தான் வாங்கிய, வேறொருவர் கட்டிய லாங்-ஈசி என்ற சிறு விமானத்தோடு கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். வரைபடப்படி விமானியின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டிய எரிபொருள் வால்வை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்திருந்தார். அதைத் திருப்ப உடம்பைத் திருகியபோது விமானத்தை இடம் வலமாகத் திருப்பும் ரட்டரின் வலது மிதி அழுந்தி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. வால்வின் இடத்தையும், அந்த விமானத்துக்கான பயிற்சி போதாததையும் காரணங்களில் சேர்த்தார்கள். இடம் மாற்றியது சட்டவிரோதம் அல்ல. கட்டுபவருக்கு அந்த உரிமை உண்டு. அதன் விளைவு அடுத்து உட்காருபவருக்கும் சேர்கிறது.

ஆகவே பழையதை வாங்குபவர் மூல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் மாறியிருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடும் உரிமை கட்டியவருக்குக் கிடைக்கும்; வாங்கியவருக்கு அது கூடவே வராது, உரிமம் பெற்ற மெக்கானிக் போன்ற தகுதியுள்ள ஒருவர் தேவை. பிறகு தரையில் பெல்ட் கட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு வால்வையும் திருப்பிப் பாருங்கள். கால் மிதியிலிருந்து அசைந்தால், வால்வை இடம் மாற்றும்வரை அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள்.