பலகாரம் சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆனால் போதும், இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி எண்ணெயைப் பற்றித்தான் இருக்கும். உணவு வேதியியல் படித்துவிட்டு எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால், எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம். வந்ததில் எட்டுக் கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: முறுக்கும் அதிரசமும் சுட்டது போக ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெய் மிச்சம். கொட்ட மனசு வரவில்லை. கார்த்திகைக்கு அப்பம் சுட எடுத்து வைக்கலாமா?

கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு மனசு எப்படி வரும்? ஆனாலும் மறுபடி பொரிப்பதற்கு வைக்காதீர்கள். வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிக்கவும் குழம்பு வைக்கவும் எவ்வளவு செல்லுமோ அவ்வளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்வதும் இதையேதான்.

காரணம் இது. வாணலியில் எண்ணெய் 180 டிகிரி சூட்டில் இருக்கும்போது மூன்று பேர் சேர்ந்து அதைக் கெடுக்கிறார்கள். மாவிலிருந்து வெளிவரும் தண்ணீர், எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கும். காற்று அதை ஆக்சிஜனேற்றம் செய்து ஆல்டிஹைடு போன்ற தீங்கான பொருள்களை உண்டாக்கும். சூடு, உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கெட்டியாக்கும். வாணலி விளிம்பில் பழுப்பாக ஒரு பிசின் பிடித்திருக்குமே, நகத்தால் சுரண்டினாலும் வராதே, அது இப்படி ஒட்டிக் கெட்டிப்பட்ட எண்ணெய்தான். அடுப்பை அணைத்த பிறகும் காற்று தன் வேலையை நிறுத்துவதில்லை. பாட்டிலில் மூடி வைத்தாலும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். கார்த்திகைக்குத் திறந்தால் காறல் வாடை அடிப்பது அதனால்தான்.

மிச்சத்தைச் சோப்பாக்கலாம், சேகரிப்பவர்களிடம் கொடுக்கலாம். இரண்டையும் கீழே சொல்கிறேன். அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை. அகன்ற வாணலிக்குப் பதில் சின்னதாக, குழிவாக ஒன்றை எடுத்தால் அரை லிட்டரிலேயே வேலை முடியும். அப்புறம் வரிசை. என் அம்மா முதலில் அப்பளம், வற்றல், அடுத்து முறுக்கு, கடைசியாகத்தான் அதிரசம் என்று வைப்பார். அதிரசத்து வெல்லம் எண்ணெயில் கரைந்து கருகிவிட்டால், அதற்கு மேல் எது சுட்டாலும் நிறமும் மணமும் கெட்டுவிடும். அந்த வரிசைக்கு உள்ள வேதியியல் எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது.

சேலத்திலிருந்து: சோள மாவைக் கரைத்து ஊற்றினால் பழைய எண்ணெய் புதுசு போல ஆகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். உண்மையா?

தெளிவாகும், புதுசாகாது. சோள மாவு வெந்து கெட்டியாகும்போது மிதக்கும் கருகல் துகள்களைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணெயோடு கலந்துவிட்ட கேடு அப்படியே இருக்கும். பொங்காமல் இருக்கப் புளி உருண்டை போடுகிறோமே, அதற்கும் இதே பதில்தான். தெளிவாக இருப்பதை நல்லதாக இருப்பது என்று நம்பிவிடுவதுதான் இதில் ஆபத்து.

விருதுநகரில் மாலை நேர பஜ்ஜிக் கடை நடத்தும் ஒருவர்: ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் ஊற்றுகிறேன். மிஞ்சியதோடு மறுநாள் புது எண்ணெய் சேர்ப்பேன். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். இது சட்டப்படி தப்பா?

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி, ஐயா. எண்ணெயைக் கலப்பதை விடவும், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், எண்ணெயில் உள்ள மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. எண்ணெய் எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதற்கான கணக்கு அது. சின்னக் கடை, பெரிய ஓட்டல் என்ற பேதம் இதில் இல்லை. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்கள், மிஞ்சியது எங்கே போனது என்று பதிவேடும் வைக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பதிவேடு தேவையில்லை.

பழையதோடு புதியதைச் சேர்ப்பதில் உங்களுக்கே நஷ்டம்தான். உறை மோர் பாலைத் தயிராக்குவது போல, கெட்ட எண்ணெயில் காற்று பட்டு உண்டான பெராக்சைடுகள் புது எண்ணெயையும் சீக்கிரம் கெடுத்துவிடும். மூன்று லிட்டர் காசு கொடுத்து வாங்கி, இரண்டு லிட்டரின் பலனைத்தான் பெறுகிறீர்கள்.

போலார் சேர்மங்களை அளக்கும் மீட்டர் இல்லாமலே எண்ணெய் கெட்டதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வழக்கத்தைவிடக் குறைந்த தீயிலேயே புகைகிறதா? பஜ்ஜியை எடுத்த பிறகும் சின்னச் சின்ன நுரை அடங்காமல் நிற்கிறதா? ஜாரணியிலிருந்து சொட்டும்போது பாகு மாதிரி இழுபடுகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த எண்ணெய் முடிந்தது.

எண்ணெய் நீடிக்க வேண்டுமானால் சோடா உப்பைக் குறையுங்கள். சோடா ஒரு காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) என்பதால் எண்ணெயை நுரைக்க வைத்து, சீக்கிரம் கருக்கிவிடும். உதிரும் மாவுத் தூளை ஒவ்வொரு ஈடுக்கும் அரித்து எடுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தீயைக் குறைத்து வாணலியை மூடுங்கள். உப்பு, மிளகாய்த் தூள் தூவுவதை வாணலிக்கு மேலே வைத்துச் செய்யாதீர்கள். நாள் முழுக்க மூன்று லிட்டரைக் காயவிடுவதற்குப் பதில் ஒன்றரை லிட்டரில் தொடங்கி, தேவைப்பட்டால் ஏழு மணிக்கு மேல் வாணலியைக் காலி செய்துவிட்டு மறு ஒன்றரையை ஊற்றிப் பாருங்கள்.

திருச்சியில் மெஸ் நடத்தும் ஒரு அம்மா: பழைய எண்ணெயை லிட்டர் கணக்கில் வாங்க ஒருவர் வருகிறார். நல்ல விலை தருகிறார். எதற்கு என்று கேட்டால் "கம்பெனிக்கு" என்கிறார்.

இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். எந்தக் கம்பெனி என்று கேளுங்கள் அம்மா. பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள்.

ஓட்டலில் கறுத்த எண்ணெயை வாங்கி, வெளுக்கும் மண்ணைப் போட்டு வடிகட்டி, லூஸ் எண்ணெயாகச் சின்னக் கடைகளுக்கு விற்கும் வியாபாரம் நம் ஊரில் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2018 ஆகஸ்ட் 10, உலக உயிரி எரிபொருள் தினத்தன்று, ஆணையம் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்கள் சேகரித்து பயோடீசல் ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களும் காசு தருவார்கள். அதைவிட மிக அதிகமாக ஒருவர் தருகிறார் என்றால், அந்த எண்ணெய் மறுபடி யாரோ ஒருவரின் வாணலிக்குப் போகிறது என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் உண்டு. அது பள்ளிக்கூட வாசலில் வடை போடும் கடையாகவும் இருக்கலாம்.

அங்கீகாரச் சான்றின் நகலை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அளவும் தேதியும் போட்ட ரசீது கேளுங்கள். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கேட்டால், உங்கள் பகுதியில் யார் முறைப்படி எடுக்கிறார்கள் என்ற விவரம் கிடைக்கும்.

சென்னையிலிருந்து: வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் சேர்த்துச் சிங்க்கில் ஊற்றினால் அடைக்காது என்கிறார்களே?

உங்கள் வீட்டுக் குழாயில் அடைக்காது. பத்தடி தள்ளி, ஆறிய பிறகு அடைக்கும்.

என் தங்கை குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு நாள் தரைத்தளத்துக் குளியலறையில் கழிவுநீர் மேலேறி வந்துவிட்டது. பிளம்பர் சேம்பர் மூடியைத் திறந்து கம்பியால் குத்திக் குத்தி எடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்பல் கலந்த வெள்ளையில், கொப்பரைத் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. உடைத்தால் உள்ளே டீத்தூள், நூடுல்ஸ், ஒரு முழுக் கறிவேப்பிலை இணுக்கு. எண்ணெயில் பிரிந்த கொழுப்பு அமிலமும் போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு வகைச் சோப்பு உண்டாகும். அது கல்லாக இறுகிவிடும். மூன்றாம் மாடியில் ஊற்றியதற்குத் தரைத்தளத்தில் இருந்த வயதான தம்பதி அன்று முழுக்க அல்லாடினார்கள். 2017-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படி இறுகிய கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை இருந்தது.

எண்ணெய் வாணலியைக் கழுவுவதற்கு முன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும். ஒன்றிரண்டு கரண்டி எண்ணெய் என்றால் மரத்தூளிலோ காகிதத்திலோ ஊறவைத்துக் குப்பையில் போடலாம். அதற்கு மேல் என்றால் பாட்டிலில் சேருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மகளிர் குழு: இந்த எண்ணெயில் சோப்பு செய்ய முடியுமா? அளவு சொல்லுங்கள்.

தாராளமாக முடியும். ஆனால் பாத்திரமும் துணியும் துவைக்கத்தான், உடம்புக்கு வேண்டாம்.

முதலில் எண்ணெயைச் சுத்தம் செய்யுங்கள். ஆறிய எண்ணெயோடு அதே அளவு தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்து, குறைந்த தீயில் மெதுவாகச் சூடாக்கி, கலக்கி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கசடு தண்ணீரில் இறங்கியிருக்கும். மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் தண்ணீர் கலக்காமல் எடுத்து வடிகட்டுங்கள்.

சூரியகாந்தி எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம் என்றால் காஸ்டிக் சோடா 140 கிராம், தண்ணீர் 330 கிராம். எல்லாமே தராசில், கிராமில். டம்ளர் கணக்கு இங்கே ஆகாது. எண்ணெய் மாறினால் காஸ்டிக் அளவும் மாறும். தேங்காய் எண்ணெய்க்கு அதிகம் வேண்டும், சூரியகாந்திக்குக் குறைவு. தேங்காய் எண்ணெய் சேர்த்தால்தான் சோப்பு கெட்டியாகும், நுரையும் வரும்.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், காற்றோட்டமான திண்ணையில் செய்யுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். அலுமினியம், இன்டாலியம் பாத்திரங்களைக் காஸ்டிக் அரித்துவிடும், எரியக்கூடிய வாயுவும் கிளம்பும். எவர்சில்வரோ கெட்டியான பிளாஸ்டிக் வாளியோ எடுங்கள். கரைசல் வெதுவெதுப்பாக ஆறியதும் எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றி, இட்லி மாவுப் பதம் வரும்வரை கிண்டி அச்சில் ஊற்றுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ வெட்டி, நிழலில் நான்கிலிருந்து ஆறு வாரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு விற்காதீர்கள். மீன் வறுத்த எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள், அந்த வாடை சோப்பிலும் நிற்கும்.

கையில் காஸ்டிக் பட்டால் எலுமிச்சை தேடி ஓட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை.

ஈரோட்டிலிருந்து ஒரு விவசாயி: வடிகட்டிய பழைய எண்ணெயை டிராக்டரில் ஊற்றி ஓட்டலாமா? வீட்டிலேயே பயோடீசல் செய்ய முடியுமா?

இந்த யோசனைக்கு வயசு நூறைத் தாண்டும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ஆனால் உங்கள் டிராக்டரில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளை மிக நுண்ணியது, சமையல் எண்ணெயோ டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. சில நாள் ஓடும், பிறகு கரி பிடித்து அடைக்கும். செலவு உங்கள் தலையில்.

கெட்டித்தன்மையைக் குறைக்கத்தான் பயோடீசலாக மாற்றுகிறார்கள். நூறு கிலோ எண்ணெய்க்குப் பத்து, பதினோரு கிலோ மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரப்பொருள் கொஞ்சமும் சேர்த்தால் ஏறக்குறைய நூறு கிலோ பயோடீசலும் பத்துக் கிலோ கிளிசரினும் கிடைக்கும். சரி, வீட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த மெத்தனாலுக்காகத்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது அதுதான். தண்ணீர் மாதிரி இருக்கும், ஆவியும் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள அந்தப் பொருளை மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கேனில் வைத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்களிடம் 120 வீடுகள். ஒரு வீட்டு எண்ணெயை எடுக்க யாரும் வருவதில்லை. பிளஸ் டூ படிக்கும் என் மகள் இதில் விமானமே ஓடும் என்கிறாள்.

மகள் சொல்வது சரி. 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பயணிகள் விமானம், பெரும்பகுதி கழிவுக் கொழுப்பிலிருந்து செய்த எரிபொருளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையும் 2025 ஆகஸ்டில், பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்கச் சர்வதேசச் சான்றிதழ் பெற்றது.

ஒரு லிட்டருக்காக வண்டி வராது, நாற்பது லிட்டர் என்றால் வரும். காவலாளி அறைப் பக்கம், வெயிலும் மழையும் படாத இடத்தில், வாய் அகன்ற 20 லிட்டர் கேன் இரண்டும் ஒரு பெரிய புனலும் வடிகட்டியும் வையுங்கள். கேனில் 'சமையல் எண்ணெய் மட்டும்' என்று பெரிதாக எழுதுங்கள். வண்டி எஞ்சின் எண்ணெயை யாராவது ஊற்றிவிட்டால் மொத்தமும் வீணாகும். எண்ணெய் ஆறிய பிறகுதான் கொண்டுவர வேண்டும், தண்ணீர் சேரக் கூடாது. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காதீர்கள், அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வீட்டுவேலைக்கு வரும் பெண்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் வாணலியைக் கழுவுவது அவர்கள்தான். கேன் நிரம்பியதும் சங்கத்தின் பேரில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.