ஃபோர்மட் செய்யச் சொல்லும் லினக்ஸ் வட்டு

கேள்வி: பழுதான மடிகணினியில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அதன் வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. உறையில் இட்டு விண்டோஸ் கணினியில் செருகினால், ‘ஃபோர்மட் செய்யவேண்டும்’ என்கிறது. பாடசாலை விளையாட்டுப் போட்டிப் படங்களை எப்படி மீட்பது?
– வாசகர், மாங்குளம்

பதில்: முதலில் ‘கான்சல்’ அழுத்துங்கள். வட்டு கெட்டுவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. 2008 முதல் லினக்ஸில் வழங்கிவரும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை) விண்டோஸ் நேரடியாக வாசிக்காததால், அதை வெறும் வட்டென்று எண்ணி அவ்வாறு கேட்கிறது. டிஸ்க்இன்டர்னல்ஸ் லினக்ஸ் ரீடர் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, அதில் ‘ஹோம்’ கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரைத் திறந்து, படங்களைத் தெரிவுசெய்து விண்டோஸ் வட்டில் சேமியுங்கள். அது வாசிக்க மட்டுமே செய்யும், வட்டில் எதையும் எழுதாது என்பதாலேயே அதைப் பரிந்துரைக்கிறேன். எழுதவும் இடந்தரும் இயக்கி (டிரைவர்) மென்பொருள்களை, மாரியில் மின்சாரம் சொல்லாமல் போகும் நம் பக்கத்தில், நான் தொடுவதில்லை; எழுதும் நடுவில் மின்சாரம் போனால் வட்டிலுள்ளவை கெடக்கூடும். விண்டோஸ் 11 இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். என்னும் வசதி வழியாகவும் வட்டை இணைக்கலாம். ஆனால் அதற்குக் கட்டளைகள் தட்டச்சிடப் பழகியிருக்கவேண்டும்.