ஞாயிற்றுக்கிழமை அபே டூர்: மூடியிருந்த இடத்துக்கு வாங்கிய பணம்

கேள்வி: லெஸ்டரில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவுக்காக ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில் லண்டனுக்கு ஒருநாள் கோச் டூர் பதிவு செய்தேன். "வெஸ்ட்மின்ஸ்டர் அபே, பக்கிங்காம் அரண்மனை. நுழைவுக் கட்டணம், கைடு உட்பட" என்பது விளம்பரம். தலைக்கு 115 பவுண்டு. மனைவியையும் சேர்த்து நால்வருக்கு 460 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டினேன். அபேக்குள் அன்று சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை. வாசலில் நின்றபடியே கைடு பேசி முடித்தார். அரண்மனைக்கு 70 நிமிடம் தாமதமாகப் போனதால் நேரச்சீட்டு (குறித்த நேரத்துக்கு மட்டுமான நுழைவுச் சீட்டு) செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பயணத்திட்டம் மாறலாம், பணம் திரும்பத் தரப்படாது" என்ற நிபந்தனையைக் காட்டி, அடுத்த டூருக்கு 15 சதவீத வவுச்சர் தருகிறார்கள். பெற்றோர் பத்து நாளில் ஊர் திரும்புகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: "டூர் சரியில்லை, மனம் நொந்தோம்" என்று எழுதினால் நிறுவனம் அனுதாபம் தெரிவித்து வவுச்சரோடு முடித்துவிடும். உங்கள் வழக்கின் பலமே கிழமையில் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஒரு தேவாலயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். சுற்றிப் பார்க்க டிக்கெட் கிடையாது. இது அபேயே வெளியிட்டிருக்கும் வழக்கமான நடைமுறை. அன்று திடீரென வந்த மாற்றமல்ல. ஆகவே உங்கள் முதல் கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி முன்னால் நிற்கட்டும்: "நால்வருக்கும் அந்தத் தேதிக்கு வாங்கிய அபே நுழைவுச் சீட்டின் ரசீதைக் காட்டுங்கள்." விற்கப்படாத சீட்டுக்கு ரசீது இருக்க முடியாது. "வழிபாட்டில் கலந்துகொள்ள யாரும் இலவசமாக உள்ளே போகலாமே" என்று பதில் வரலாம். போகலாம்தான், அதற்கு 115 பவுண்டு எதற்கு?

அரண்மனைத் தாமதத்துக்கு டிராஃபிக்கைக் காரணம் சொல்வார்கள். லெஸ்டரிலிருந்து மத்திய லண்டன் ஏறத்தாழ 100 மைல். நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது விதி. ஞாயிறுகளில் அரண்மனை முன்னுள்ள மால் சாலையில் வாகனங்களுக்கு இடமில்லை. காவலர் மாற்றச் சடங்கும் வழக்கமாக நடக்கும் நாட்களில் ஞாயிறு ஒன்று, கூட்டம் நெரியும். டூர் நடத்துபவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நேரச்சீட்டு எடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்து பல மணி நேரம் சாலை மூடப்பட்டிருந்தால் கதை வேறு. அப்படி ஏதும் நடந்ததா என்று நீங்களே முதலில் பார்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

சட்டம் எது? கோச், கைடு, நுழைவு என மூன்றும் சேர்ந்திருப்பதால் 2018-ம் ஆண்டின் பேக்கேஜ் பயண விதிமுறைகள் பொருந்தும் என்று பலர் அவற்றையே மேற்கோள் காட்டுகிறார்கள். பொருந்தாது. 24 மணி நேரத்துக்குக் குறைவாக, இரவுத் தங்கல் இல்லாமல் முடியும் பயணம் அந்த விதிமுறைகளுக்கு வெளியே நிற்கிறது. உங்களுக்கு உதவுவது 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 49. வணிகர் சொன்னதையும் எழுதியதையும் நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அந்த வார்த்தைகளும் ஒப்பந்தத்தின் பகுதி என்கிறது பிரிவு 50. "நுழைவுக் கட்டணம் உட்பட" என்ற மூன்று சொற்கள் இப்போது நிபந்தனைகளாகிவிட்டன.

அவர்கள் காட்டும் "திட்டம் மாறலாம்" வாசகத்தைக் கண்டு மிரள வேண்டாம். கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் கழற்றிவிட முடியாது என்கிறது பிரிவு 57. தக்க காரணமின்றிச் சேவையின் தன்மையை வணிகர் தன்னிச்சையாக மாற்ற இடம்தரும் நிபந்தனை, நியாயமற்றது என்று கருதப்படக்கூடியவற்றின் பட்டியலில் அதே சட்டத்தின் 2-வது அட்டவணையில் இருக்கிறது. அபேயில் எதிர்பாராத அரசு நிகழ்ச்சி வந்து கடைசி நேரத்தில் மூடியிருந்தால் அந்த வாசகத்துக்கு ஓரளவு பயன் இருந்திருக்கும். வாராவாரம் வரும் ஞாயிறு எதிர்பாராதது ஆகாது.

முதல் பரிகாரம் சேவையை மறுபடி செய்துதரச் சொல்வது. உங்கள் நிலையில் அது பெயரளவுக்குத்தான். பெற்றோர் இருக்கப்போவது பத்து நாள். ஞாயிறு அபே கிடையாது. மிஞ்சும் நாட்களில் ஒன்றை நிறுவனம் முன்வந்து தந்தால், உங்களுக்கும் லீவு கிடைத்தால், யோசித்துப் பாருங்கள். பெற்றோருக்கு அதுதான் நல்லது. இல்லையென்றால் நேராகப் பிரிவு 56-க்கு, அதாவது விலைக் குறைப்புக்குப் போகலாம். நிறுவனம் ஒப்புக்கொண்டால் 14 நாளுக்குள், நீங்கள் கட்டிய வழியிலேயே பணம் திரும்ப வேண்டும். நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய வவுச்சர் செல்லாது. அதனால் அந்த 15 சதவீத வவுச்சர் மின்னஞ்சலுக்கு "நன்றி, சரி" என்று எழுதிவிடாதீர்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு இடங்களின் வாயில் கட்டணத்தை மட்டும் கழித்துத் தர நிறுவனம் முன்வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். முடிசூட்டு நாற்காலி, கவிஞர்கள் மூலை, ஏழாம் ஹென்றியின் சிற்றாலயம் எல்லாம் அபேயின் உள்ளே. சிம்மாசன அறை, ஓவியக்கூடம் உட்பட 19 அரச அறைகள் அரண்மனைக்குள். வெளியிலிருந்து பார்க்கும் கம்பிவேலி எல்லோருக்கும் இலவசம். கோச்சுக்கு மதிப்பு வந்ததே அந்த இரண்டு வாசல்களால்தான். ஆனாலும் பயணமும் கைடின் பேச்சும் கிடைத்திருப்பதால் 460-ஐ முழுதாகக் கேட்டால் நீதிபதி முகம் சுளிப்பார். முக்கால் பங்கு, அதாவது 345 பவுண்டு கேட்பது நியாயம்.

அதற்கு மேல், ஏமாற்றத்துக்கு இழப்பீடு கேட்கலாம். மகிழ்ச்சிக்காகவே செய்துகொள்ளும் ஒப்பந்தம் முறிந்தால் மன வருத்தத்துக்கும் இழப்பீடு உண்டு என்பதை ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் (1973) தீர்ப்பு நிலைநாட்டியது. பதிவு செய்தவர் குடும்பத்துக்காகவும் கேட்கலாம் என்பதற்கு 1975-ன் ஜாக்சன் எதிர் ஹொரைசன் ஹாலிடேஸ் இருக்கிறது. ஒருநாள் டூருக்குப் பெரிய தொகை வராது. நால்வருக்கும் சேர்த்து 150 பவுண்டு போடுங்கள். மொத்தம் 495. காரணம் இருக்கிறது: கோரிக்கை 500 பவுண்டுக்குள் இருந்தால் வழக்குத் தாக்கல் கட்டணம் 50, தாண்டினால் 70.

நீதிமன்றத்துக்கு முன் வங்கி. 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75-ன்படி, விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000-க்கு மிகாமலும் இருந்தால் கிரெடிட் கார்டு வங்கியும் டூர் நிறுவனத்துக்குச் சமமான பொறுப்பாளி. வங்கிகள் ஒரு டிக்கெட்டின் விலையைத்தான் பார்க்கும். 115 என்பதால் தப்பித்தீர்கள். 95 பவுண்டு டிக்கெட் நான்கு வாங்கியிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். இங்கே இன்னொரு கண்ணி: நீங்கள் பதிவு செய்தது இடைத்தரகு வலைத்தளத்திலா? கார்டு அறிக்கையில் தரகர் பெயரும் ஒப்பந்தத்தில் டூர் நடத்துபவர் பெயரும் இருந்தால், பணம் வாங்கியவரும் சேவை தந்தவரும் வேறு, சங்கிலி அறுந்துவிட்டது என்று வங்கி மறுக்கக்கூடும். அப்போது சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்ப எடுத்துத் தரக் கேளுங்கள். அது சட்டமல்ல, கார்டு நிறுவனங்களின் விதி. பொதுவாக 120 நாள் கெடு. வங்கி எட்டு வாரத்தில் முடிவு சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம்.

வங்கியும் கைவிட்டால், 14 நாள் கெடு வைத்து நிறுவனத்துக்கு வழக்குமுன் கடிதம். பிறகு இணையவழிச் சிறு கோரிக்கை, அதாவது சிறு தொகைக்கான நீதிமன்ற வழக்கு. நிறுவனம் வழக்கை எதிர்த்தால் தொலைபேசிச் சமரசம் இப்போது கட்டாயம், கட்டணம் இல்லை. நிறுவனத்தின் முகவரி இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்தால்தான் இந்த இணையவழி. வழக்கறிஞர் வைக்காதீர்கள், சிறு கோரிக்கையில் வென்றாலும் அந்தச் செலவு பொதுவாகத் திரும்பாது.

இதையெல்லாம் செய்ய ஆறு வருடம் இருக்கிறது என்றாலும், ஆதாரம் அவ்வளவு நாள் தாங்காது. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் முதலில் மாறுவது அந்தப் பக்கம்தான். பதிவு உறுதி மின்னஞ்சல், நேரம் பதிந்த புகைப்படங்கள், கைடு அனுப்பிய வாட்ஸப் செய்திகளை ஒரே கோப்பில் வையுங்கள். உடன் வந்த இரண்டு பயணிகளின் எண் கிடைத்தால் நல்லது. அப்பா, அம்மா விமானம் ஏறுவதற்குள் நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைத்து, மொழிபெயர்த்தவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.