போனைப் பிடுங்கினால் தட்டை வீசுகிறான், முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். இரவு இரண்டு மணி வரை போனில் விளையாட்டு. பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறான். 'போன் அடிமை மீட்பு முகாம்', 21 நாள், 45 ஆயிரம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா? - ஈரோடு வாசகி

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

உங்களிடம் பேசியவர் பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளையைச் சிகிச்சைக்காகச் சேர்ப்பதற்கு முன், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அந்த இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு மாறும். இப்படி ஒரு முகாமிலிருந்து வந்த பையனை நான் பார்த்தேன். வீடு திரும்பிய அன்றே அக்காவின் போனை எடுத்துக்கொண்டு கதவைத் தாழிட்டுவிட்டான்.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும், அப்பாவுடையதும்தான், கூடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். 'அலாரம் வைக்கணும்' என்பான். ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். இதை முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆன்லைனில் நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது பாதியில் பிடுங்கினால், மற்ற மூவர் முன்னால் அவனுக்கு அவமானம். தட்டு பறப்பது அதனால்தான். முதல் சில நாள் எரிந்து விழுவான், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் ஒன்று. சாப்பாடு குறைந்து, நண்பர்களை விட்டு விலகி, தனியாக அழுகிறானா? 'செத்துப் போயிடலாம்' என்று ஒரு தடவையாவது சொன்னானா? கோபத்தில் சொன்னதுதானே என்று விடாதீர்கள். அப்படியானால் நோய் போன் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். போன் அவன் ஒளிந்துகொள்ளும் இடம். அதைப் பிடுங்காதீர்கள், அவனைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள், வீட்டுப்பாடத்தை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பள்ளிக்கு ஒரு மனநல ஆலோசகர் போடுங்கள் என்று எத்தனை வருடமாகக் கத்துகிறோம்! முகாம்காரர்கள் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான்.

பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் வர மறுத்தால், முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசினாலும் போதும்.